டிசம்பர் 17-க்கு ஹவானா: சாந்தெரியா விழாக்களைக் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கியூபாவின் சாந்தெரியா வழிபாட்டை நேரில் காண விரும்பும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்கள், தங்கள் ஒரிஷா தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயரோடு சேர்த்து எப்படிக் காப்பாற்றி வைத்தார்கள் என்ற வரலாறு எந்த நல்ல நூலகத்திலும் கிடைக்கும். எந்தத் தாள் எப்போது கையில் இருக்க வேண்டும், யாரிடம் பணம் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதைத் தேடித் தேடி நான் அலுத்துப்போனேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதி தெருவிலும் கோயிலிலும் இலவசமாகவே நடக்கிறது. "ரகசியச் சடங்கு காட்டுகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று வருபவரிடம் ரகசியமும் இருக்காது, சடங்கும் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

1. டிக்கெட்டுக்கு முன் தேதி

விடுமுறை கிடைத்த வாரத்தில் போய் இறங்கினால் அருங்காட்சியகப் பொம்மைகளைத்தான் பார்ப்பீர்கள். சாந்தெரியாவின் பொது விழாக்கள் கத்தோலிக்க நாள்காட்டியை ஒட்டியவை. செப்டம்பர் 7 ரெக்லா மாதாவின் நாள். கடலுக்குரிய யெமயா அவளாகவே வணங்கப்படுகிறாள். மறுநாள், 8, காரிதாத் மாதா. அவள் ஆற்றுக்குரிய ஓச்சூன். டிசம்பர் 4 புனித பார்பரா. இடிக்கும் மின்னலுக்கும் உரிய சாங்கோ. டிசம்பர் 17 புனித லாசரஸ், அதாவது நோயையும் அதன் தீர்வையும் கையில் வைத்திருக்கும் பாபலு அயே.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் டிசம்பரைத் தேர்ந்தெடுங்கள். 3ஆம் தேதிக்குள் இறங்கி 18-க்குப் பிறகு புறப்பட்டால் இரண்டு விழாக்கள் கிடைக்கும். நடுவில் உள்ள நாட்கள் வீணாகாது. வீடுகளில் அறிமுகம் பெற அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். செப்டம்பர் புயல் பருவம். விமானம் ரத்தானால் விழா போய்விடும், பணம் திரும்பினாலும் தேதி திரும்பாது. டிசம்பரும் ஒத்துவராதவர்களுக்கு ஜூலைத் தொடக்கத்தில் சாந்தியாகோ தே கூபா நகரில் 'காசா தெல் காரிபே' நடத்தும் கரீபிய விழா இருக்கிறது. அங்கே ஹைட்டியிலிருந்து வந்தவர்களின் வோதூ மரபையும் காணலாம்.

2. விசாவும் அதைச் சுற்றிய தாள்களும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு விதி வேறு; உங்கள் நாட்டிலுள்ள கியூபத் தூதரகத்தில் கேளுங்கள். முன்பு தாளில் அச்சிட்ட சுற்றுலா அட்டை இருந்தது, இப்போது அதன் இடத்தில் இ-விசா. பழைய அட்டையை இன்னும் விற்கப் பார்க்கும் முகவர்கள் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். சுற்றுலா விசா 90 நாட்களுக்குச் செல்லும். கட்டணம் தூதரகத்துக்குத் தூதரகம் மாறும். முகவர் சொல்லும் தொகையில் எவ்வளவு தூதரகத்துக்கு, எவ்வளவு அவருக்கு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: முதலெழுத்து. பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கியூபாவின் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. விமான டிக்கெட்டில் ஒரு விதமாகவும் இ-விசாவில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். எப்படி நிரப்புவது என்று தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் சொன்ன வடிவத்தையே டிக்கெட், விசா, காப்பீடு மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள். அந்த மின்னஞ்சலையும் அச்சிட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இ-விசா வந்த பிறகு 'தெவியாஹேரோஸ்' என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்தான் இதைச் செய்ய முடியும். முடித்ததும் ஒரு க்யூஆர் குறியீடு வரும், அதை அச்சிட்டுக்கொள்ளுங்கள். இந்தப் படிவம் இலவசம். அச்சு அசலாக அரசுத் தளம் போலவே தோற்றமளித்து டாலரில் கட்டணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு முகவர் இதற்கெனத் தனியாக ஒரு தொகையைப் பட்டியலில் சேர்த்திருந்தார்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கேதான் பலர் பாலிசியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'உலகம் முழுவதும்' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே, பொருளாதாரத் தடைக்கு உள்ளான நாடுகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கியூபா என்ற பெயரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பாலிசி உங்களுக்கு வேண்டாம்.

கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் முதல் சில நாட்கள் தங்கும் முகவரியும் கையில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பத்திரிகைப் பணியோ ஆவணப்படமோ ஆராய்ச்சிக் களப்பணியோ செய்யக் கூடாது. ஆய்வு மாணவர்கள் கியூபாவில் ஒரு நிறுவனத்தின் ஆதரவுக் கடிதத்தோடு அதற்குரிய விசா வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவணக் காப்பகங்கள் உள்ளேயே விடாது. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும், தனிக் கதை.

3. எந்த வழியாகப் பறப்பது

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா, இஸ்தான்புல், கனடா, லத்தீன் அமெரிக்க நகரங்கள் வழியாகப் போகலாம். மலிவு டிக்கெட்டைப் பிடிப்பதற்கு முன்பு இடைவழி நாட்டுக்கு ட்ரான்சிட் விசா தேவையா என்று பாருங்கள். கனடா வழியாகப் போவதென்றால் இந்தியர்களுக்குப் பொதுவாகத் தேவை. ஐரோப்பிய விமான நிலையங்களின் விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. அமெரிக்கா வழியை மறந்துவிடுங்கள். டிசம்பர் உச்சப் பருவம் என்பதால் போக வர டிக்கெட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் என்றே கணக்குப் போடுங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூபாவுக்கான விமானங்கள் திடீரென்று குறைக்கப்படுவது உண்டு. தேதி மாற்றவும் பணம் திரும்பப் பெறவும் முடியாத டிக்கெட் வேண்டாம்.

பனாமா, பொகோட்டா போன்ற நகரங்களில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஓரிரு நாள் தங்க நினைத்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும். கியூபாவுக்குள் நுழையும்போது மட்டுமல்ல, இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள்.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் உறவினர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபாவுக்குப் போய்வந்தவர்கள், அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் செல்ல உதவும் எஸ்டா அனுமதியைப் பெற முடியாது. அதன்பின் தூதரகத்தில் முழு விசா எடுக்க வேண்டும். நியூஜெர்சியில் தங்கை மகளின் கல்யாணம் அடுத்த மாதம் என்றால் இந்தப் பயணத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்.

4. பணம் என்றால் ரொக்கம்

அமெரிக்க வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது. மற்ற நாட்டு அட்டைகள் வேலை செய்தாலும் செய்யலாம். அதை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்கப் பணச் செயலிகளும் உதவாது. யூரோவை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். 5, 10, 20 தாள்கள் அதிகம் வேண்டும். கிழிந்ததையும் பேனாவால் எழுதியதையும் வாங்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டுத் தாள்களாக எடுத்துச் செல்ல முடியும். நாணயமாற்று ரசீதைக் கையில் வைத்திருங்கள். கியூபாவில் 5,000 டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

கியூப பெசோவுக்கு வங்கி தரும் விலை ஒன்று, தெருவில் பேசும் விலை வேறு. தெருவில் மாற்றுவது சட்டப்படி குற்றம். போலி நோட்டும் எண்ணிக்கை மோசடியும் அங்கே சாதாரணம். வீட்டு அறைகளை 'காசா பர்த்திகுலார்' என்பார்கள். ஹவானாவில் ஓர் இரவுக்கு 25 முதல் 40 யூரோவுக்குள் நல்ல அறை கிடைக்கும். ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இந்தப் பயணம் பாதிதான் பயன்படும். ஏனென்றால் சடங்கு நடக்கும் வீடுகளுக்கு உங்களை அழைத்துப்போகப் போவது அந்தக் காசாவின் வீட்டுக்கார அம்மாதான்.

மின்வெட்டு பல மணி நேரம் நீளும். டார்ச், பவர் பேங்க், கொசு விரட்டி, வழக்கமான மருந்துகள் எல்லாவற்றையும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் பாராசிட்டமால், சோப்பு, பற்பசை வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. மருந்துகளை அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்காமல் கொண்டு போங்கள். டிரோன் கொண்டு போனால் சுங்கத்தில் பறிபோகும்.

5. டிசம்பர் 16 இரவு, எல் ரின்கோன்

இந்தப் பயணமே இதற்காகத்தான். ஹவானாவின் தென் விளிம்பில், சாந்தியாகோ தே லாஸ் வேகாஸ் என்ற சிற்றூரைத் தாண்டி, ஒரு தொழுநோய் மருத்துவமனையின் பக்கத்தில் புனித லாசரஸின் கோயில் இருக்கிறது. திருச்சபை கொண்டாடுவது ஆயராக இருந்த லாசரஸை. மக்கள் சுமந்து வருவதோ ஊன்றுகோலில் சாய்ந்து, புண்களோடு, காலடியில் நாய்கள் நிற்கும் ஏழை லாசரஸை. அவர்தான் பாபலு அயே. 1998-இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து நோயாளிகளைச் சந்தித்தார். 2014-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் கியூப அதிபர் ராவுல் காஸ்ட்ரோவும் இரு நாட்டு உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்த நாளும் டிசம்பர் 17 தான். அது தற்செயல் என்று ஒரு கிழவியிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

சாலையில் காண்பதை மனத்தைத் தயார் செய்துகொண்டு போய்ப் பாருங்கள். கோணிச் சாக்கில் தைத்த உடை அணிந்த ஒருவர் மல்லாந்து படுத்து முதுகாலேயே நகர்கிறார்; கணுக்காலில் சங்கிலி, சங்கிலியின் முனையில் ஒரு கல். காலை மடக்கி உந்தி, ஓர் அடி நகர்ந்து, கல்லை இழுத்து, மூச்சு வாங்குகிறார். அவருக்கு முன்னால் ஒரு பையன் இலைக்கொத்தால் தார்ச்சாலையைக் கூட்டிச் சிறு கற்களை அகற்றிக்கொண்டே போகிறான். கூட வருபவர் கையில் ஒரு பெட்டி, அதற்குள் லாசரஸ் சிலை, சிலையைச் சுற்றிச் சில்லறை, ஊதா மெழுகுவர்த்தி, சுருட்டு. நம் கோயில்களில் அங்கப்பிரதட்சணம் பார்த்தவர்களுக்கு நேர்த்திக்கடன் என்று உடனே புரிந்துவிடும். யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் போடத்தான் பெசோ சில்லறை வேண்டும். 15ஆம் தேதியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. மாலையில் போலீசார் சாலையை அடைத்துவிடுவார்கள். டாக்ஸி சாந்தியாகோ தே லாஸ் வேகாஸ் வரைதான் போகும், மீதியை நடக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நள்ளிரவை ஒட்டித்தான் கோயிலுக்குள் நெரிசல் உச்சத்தை எட்டும். குழந்தைகளோடு வருபவர்கள் 17 காலையில் போவது நல்லது. போகும் வண்டி எளிது, திரும்பும் வண்டிதான் பாடு. டிரைவரிடம் இருவழி வாடகையும் காத்திருக்கும் இடமும் முன்பே பேசி, பாதிப் பணத்தைத் திரும்பிய பிறகு கொடுங்கள். அதைவிட நல்ல யோசனை, அந்த இரவுக்கு மட்டும் அந்த ஊரிலேயே அறை பிடிப்பது. விழா நாளுக்கு அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். இ-விசா வந்த அன்றே பேசி முடியுங்கள்.

ஊதா நிற மெழுகுவர்த்தியைக் கோயில் வாசலில் வாங்கலாம். பணப்பையையும் கடவுச்சீட்டையும் அறையில் விட்டுவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போங்கள். கூட்டத்தைப் படம் எடுக்கலாம். தரையில் ஊர்ந்து வருபவரின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டாதீர்கள். மருத்துவமனை நோயாளிகளைப் படம் எடுக்கவே கூடாது.

6. வீட்டுச் சடங்குக்கு அழைப்பு வந்தால்

சாந்தெரியாவின் உயிர் கோயிலில் இல்லை, வீடுகளில் இருக்கிறது. ஒரு சாந்தேரோ (பூசாரி) அல்லது சாந்தேரா (பெண் பூசாரி) தீட்சை பெற்ற ஆண்டுநாளில் வீட்டின் ஓர் அறையில் பட்டுத் துணிகளால் 'துரோனோ' என்ற அரியணை கட்டுவார்கள். ஒரிஷாவின் புனிதக் கற்கள் இருக்கும் மூடி போட்ட பீங்கான் பாத்திரங்கள் நடுவில். கீழே பாயைச் சுற்றிப் பழங்கள், கேக்குகள். இந்த நாளில் அறிமுகமானவர்கள் வந்து வணங்கலாம். பாயில் இருக்கும் குடுவையில் காணிக்கை போட வேண்டும். தொகை உங்கள் விருப்பம், உடன் வந்தவர் போடுவதைப் பார்த்துப் போடுங்கள்.

'தம்போர்' எனப்படும் மேளச் சடங்கு இன்னொரு வகை. இயா, இத்தோத்தெலே, ஒக்கோன்கோலோ என்று தாயும் பிள்ளைகளுமாக மூன்று பத்தா மேளங்கள். பிற்பகலில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிப்பதே வழக்கம். ஐந்து மணிக்கு நிதானமாகப் போய் நின்றால் முடிந்திருக்கும். அருள் வந்து ஆடுபவர் உங்களிடம் வந்து எதையாவது சொல்லலாம், கட்டிப்பிடிக்கலாம். பின்வாங்காமல் நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்.

சில விதிகள் சொல்லித் தரப்படுவதில்லை, மீறினால் மட்டும் முகம் மாறும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் உடுத்துங்கள், கறுப்பு வேண்டாம். மேளத்தின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தீட்சை பெறாதவர்கள் மேளத்துக்கு நேர் முன்னால் ஆடக் கூடாது. பெண்கள் பத்தா மேளத்தைத் தொடக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் சில சடங்குகளிலிருந்து விலகியிருக்கச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் அவர்கள் வீட்டில் போய் விவாதிப்பதற்கு நான் யார்? தலை முதல் கால் வரை வெள்ளை அணிந்து தெருவில் நடப்பவரைக் கண்டால் கைகுலுக்க நீட்டாதீர்கள். அவர் 'இயாவோ', அதாவது தீட்சை பெற்று ஓராண்டு விரதத்தில் இருப்பவர். அவரைப் படமெடுப்பதும் தவறு.

பலி உண்டு. சேவலும் ஆடும் பலி கொடுக்கப்படும், பிறகு சமைத்துப் பரிமாறப்படும். கிடா வெட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது. சைவர்கள் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், சோறும் பழமும் தருவார்கள். அபாக்குவா என்ற ஆண்களின் சங்கம் 1836-இல் ஹவானா வளைகுடாவின் அக்கரையிலுள்ள ரெக்லாவில் தோன்றியது, இன்றும் இயங்குகிறது. அதன் உள்சடங்குகளுக்கு வெளியாருக்கு இடமே இல்லை, கேட்கவும் வேண்டாம்.

7. யாரிடம் பணம் கொடுக்கக் கூடாது

சோழி உருட்டிக் குறி கேட்பதற்கும் ஈஃபா என்ற குறிமுறையைப் பார்க்கும் பூசாரியான பாபாலாவோவிடம் செல்வதற்கும் 'தெரேச்சோ' என்ற காணிக்கை உண்டு. அது முறையானது. தொகையை உட்காருவதற்கு முன்பே சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் மீது செய்வினை இருக்கிறது, அதை எடுக்க இத்தனை நூறு யூரோ என்று ஒருவர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய பொறி தீட்சை. முறையான தீட்சைக்கு ஏழு நாள் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும், அதன்பின் ஓராண்டு விரதம், வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டோடு உறவு. வெளிநாட்டவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். வார இறுதிக்குள் முடித்துத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு விற்பது ஒரு மாலையும் ஒரு புகைப்படமும்.

ஹவானாவின் கயெஹோன் தே ஹமெல் சந்துக்கு ஞாயிறு மதியம் போங்கள். சால்வதோர் கொன்சாலஸ் தீட்டிய சுவரோவியங்களும் ரும்பா என்ற மேளமும் ஆட்டமும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அங்கே தானாக ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டிகளும் விலை சொல்லாத பானங்களும் வேண்டாம். பழைய ஹவானாவில் வெள்ளை உடையும் பெரிய சுருட்டுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் படமெடுத்தால் காசு கேட்பார்கள். அது அவர்கள் தொழில், முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மழை நாட்களுக்கு: பிராதோ சாலையில் யொரூபா பண்பாட்டுச் சங்கத்தின் ஒரிஷா சிலைகள், ஓப்ராபியா தெருவில் ஆப்பிரிக்க இல்லம், படகில் வளைகுடாவைக் கடந்தால் ரெக்லா கோயிலில் வெள்ளைக் குழந்தையை ஏந்திய கறுப்பு மாதா. குவானபாகோவா அருங்காட்சியகமும் நல்லது, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாள் மிச்சமிருந்தால் நூறு கிலோமீட்டர் கிழக்கே மத்தான்சாஸ். மேளக்காரர்களின் ஊர் அது. ஹவானாவை விட அங்கே பேச்சும் நிதானம், விலையும் நிதானம்.

8. திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கலாம்

மணிமாலைகள் பிரச்சினை இல்லை. இறகு, எலும்பு, கொம்பு, ஆமை ஓடு, பவளம் எதையும் வாங்காதீர்கள். அன்பளிப்பாகத் தந்தாலும் நன்றி சொல்லி அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். ஓவியமோ பழைய சிலையோ வாங்கினால் கலைப்பொருள் ஏற்றுமதி அனுமதிச் சான்றை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். ஞாயிறு மாலை வாங்கித் திங்கள் காலை விமானம் ஏறுபவருக்கு அது கிடைக்காது. சுருட்டு உதிரியாக 20 வரை கியூபா கேள்வி கேட்காமல் விடும், முத்திரை உடையாத பெட்டி என்றால் 50 வரை. ஆனால் இந்தியாவுக்குள் வரியில்லாமல் 25 தான் வரும். மீதியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். 17ஆம் தேதி லாசரஸுக்கு வைக்க அவருக்கு அடுத்த ஆண்டும் சுருட்டு வேண்டும்.